தொடுறதுக்கு முன்னாடி கேக்குற வேல

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்டுக்கு லீவுல வந்தா எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, இருக்குற ஆன்ட்டிங்க எல்லாரும் கேக்குறது ஒன்னுதான், கோலாலம்பூர்ல என்னம்மா வேல செய்யிற. இன்டிமசி கோஆர்டினேட்டர்னு சொல்லி விளக்குறதுக்குள்ள அவங்க முகம் மாறிடும். அதனால இப்பல்லாம், சண்ட சீனுக்கு மாஸ்டர் இருக்காருல்ல ஆன்ட்டி, கட்டிப்புடிக்கிற சீனுக்கு அந்த மாதிரி ஆளு நான்னு சொல்லிடுவேன். ஒடனே அடுத்த கேள்வி வரும், முத்தம் வந்தாலே சென்சார்ல வெட்டிருவாங்களே, இங்க ஒனக்கு என்ன வேல இருக்கு?

நெறைய இருக்கு. நம்ம டிவி நாடகத்துல முத்தம் இருக்காது, ஆனா புருஷன் முடிய புடிச்சு இழுப்பான், வில்லன் சேலைய புடிப்பான், முதலிரவு சீன்ல தோள்ல கை வைப்பான், அதெல்லாம் ஒரு மனுஷியோட ஒடம்புதானே.

எனக்கு இருவத்திரெண்டு வயசுல ஒரு நாடகத்துல சின்ன ரோல் கெடச்சுது. ரிகர்சல்ல கைய மட்டும் புடிச்ச ஆளு ஷாட்ல இடுப்ப புடிச்சிட்டாரு, நான் வெலவெலத்துப் போயிட்டேன், டைரக்டரு கட் சொல்லிட்டு "அந்த அதிர்ச்சிதாம்மா வேணும், சூப்பர்"னு கை தட்டுறாரு. நடிக்க வந்தவள நெஜமா பயமுறுத்தி எடுத்தா அது நடிப்பே இல்லன்னு அன்னைக்கு எனக்கு சொல்லத் தெரியல. இப்ப செட்டுல மொத ஆளா அதத்தான் சொல்றேன்.

இந்த வேலையே ஒரு நடிகை வாயத் தொறந்து கேட்டதாலதான் பெருசாச்சு. அமெரிக்காவுல தி டியூஸ்னு ஒரு சீரியல், அதுல நடிச்ச எமிலி மீட் இந்த மாதிரி சீனுக்கு எனக்குன்னு ஒரு ஆளு வேணும்னு கேட்டாங்க, அலிசியா ரோடிஸ் அந்த வேலைக்கு வந்தாங்க, 2018லயே அந்த சீரியல போட்ட எச்பிஓ டிவி அந்தரங்க சீன் இருக்குற எல்லா சீரியலுக்கும் இப்படி ஒருத்தர் இருக்கணும்னு முடிவு பண்ணிடுச்சு.

வேல என்னன்னா, ஷூட்டிங்குக்கு முன்னாடியே ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா ஒக்காந்து எங்க தொடலாம் எங்க தொடக்கூடாதுன்னு கேட்டு எழுதி வாங்குவேன். அப்புறம் டான்ஸ் மாதிரி கணக்கு, எடது கை தோள்ல, ரெண்டு எண்ணு, கைய எடு. ரெண்டு ஒடம்புக்கு நடுவுல சின்ன தலகாணி வைப்போம், தேவையில்லாத ஆளுங்கள வெளிய அனுப்பிடுவோம், நேத்து சரின்னு சொன்னவங்க இன்னைக்கு வேணாம்னா வேணாம்தான், ஏன்னு கேக்கக்கூடாது.

நான் பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்டும் பண்றேன், அதாவது ஜனங்க முன்னாடி நம்ம ஒடம்பையே வச்சு செய்யிற கலை, ரெண்டும் எனக்கு ஒரே வேலதான். 1974ல இத்தாலியில நேப்பிள்ஸ்ல மரீனா அப்ரமோவிச்னு ஒரு கலைஞர் மேசையில 72 பொருள வச்சுட்டு, எத வேணும்னாலும் என் மேல பயன்படுத்துங்கன்னு ஆறு மணி நேரம் சும்மா நின்னாங்க. ரோஜாவும் இருந்துச்சு, துப்பாக்கியும் இருந்துச்சு. போகப் போக சட்டைய கிழிச்சாங்க, கழுத்துல கீறுனாங்க, ஒருத்தன் துப்பாக்கிய அவங்க மேலயே வச்சான். அத படிச்சதுலேருந்து அதுக்கு நேர் எதிரா ஒன்னு செய்யணும்னு எனக்கு ஒரு வெறி.

போன வருஷம் எங்க பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கத்துல, முன்ன பெரட்டு, அதான் வேலைக்குப் போற ஆளுங்கள நிக்க வச்சு பேரு கூப்புடுறது, நடந்த எடத்துல, ரெண்டு ஸ்டூல் போட்டு ஒக்காந்தேன். தொழிலாளிங்க இருந்த லயத்து வீட்ட எல்லாம் ஒடச்சிட்டாங்க, சுத்தி செம்பனை மரந்தான். வர்றவங்ககிட்ட ஒன்னே ஒன்னுதான் கேப்பேன், ஒங்க கைய புடிக்கலாமா?

முன்ன ரப்பர் மரத்துல பால் வெட்டுன ஒரு பாட்டி வந்தாங்க. கட்ட வெரல்ல பழைய கத்தி தழும்பு, நகத்தோரம் கறுத்து கெடந்துச்சு. கேட்டேன். "வேணாம்"னாங்க. சரிங்க பாட்டின்னு கைய மடியில வச்சுக்கிட்டேன். அவங்க எந்திரிக்கல, எனக்கு கோவம் வருதான்னு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, நான் ஒன்னுமே கேக்கல, அவங்களே இன்னொரு தடவ சத்தமா "வேணாம்"னு சொல்லிட்டு பொடவ தலப்ப வாயில வச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

அரமணி நேரம் அப்படியே பக்கத்துல ஒக்காந்திருந்தாங்க. கைய குடுக்கவே இல்ல.