கடை இடம் மாறியது, கடனும் இடம் மாறியது

2024 மார்ச்சில், சித்திரைத் திருவிழாவுக்கான தையல் வேலை தலைக்கு மேல் கிடந்த ஒரு மத்தியானம் அந்த போன் வந்தது. "சார், உங்க கிரெடிட் கார்டு அக்கவுண்ட்டை எங்க கம்பெனி வாங்கிருச்சு. இனிமே எங்களுக்குத்தான் கட்டணும். மொத்தம் 1,63,250 ரூபாய்" என்றது ஒரு பெண் குரல். மாட்டை விற்பார்கள், மனையை விற்பார்கள். நான் பட்ட கடனை இன்னொருத்தருக்கு விற்பார்களா? ஏமாற்று வேலை என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.

கடன் இருந்தது உண்மைதான். அழகர் வேஷம் கட்டுபவர்களுக்கு இடுப்பில் போடும் சல்லடம், தலையில் கட்டும் உருமால் தைப்பது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலத்திலிருந்து மதுரை புதுமண்டபத்தில் கடை. அங்கிருந்த கடைகளை எடுத்தபோது நாங்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறினோம். வருடத்தில் பாதி வருமானம் சித்திரையில்தான். 2020-க்கான துணியும் ஜரிகையும் கார்டில்தான் எடுத்தேன். கொரோனாவால் அந்த வருடம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை, அடுத்த வருடமும் இறங்கவில்லை. தைத்த சல்லடங்கள் மூட்டையிலேயே கிடந்தன.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி (ஆர்.பி.ஐ.) அனுமதித்ததே, அதை நானும் எடுத்துக்கொண்டேன். தள்ளுபடிக்கும் தள்ளிவைப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் எடுத்தேன் என்பதுதான் கொடுமை. தவணைதான் நின்றது, வட்டி ஒரு நாளும் நிற்கவில்லை. 2021 செப்டம்பரில் கட்டுவதை நிறுத்தியபோது பாக்கி 71,400 ரூபாய். 2022-ல் திருவிழா திரும்பியதும், வங்கி அனுப்பிய வசூல்காரரிடம் மூன்று தடவை ஐயாயிரம் ஐயாயிரமாகக் கொடுத்தேன். பிறகு அவரும் வரவில்லை, நானும் தேடவில்லை.

போன் வந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதமும் பணம் கட்ட ஒரு லிங்கும் வந்தன. கடையில் துணி தைக்கக் கொடுக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் உண்டு. நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் காட்டினேன். "லிங்க்கத் தொடாத தம்பி. ஆனா இது டுபாக்கூர்னும் முடிவு பண்ணிறாத. வாராக்கடன வங்கிங்க மொத்தமா விப்பாங்க. வாங்குறதுக்குன்னே கம்பெனி இருக்கு" என்றார். 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின்கீழ் ஆர்.பி.ஐ.யிடம் பதிவு செய்த சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள், சுருக்கமாக ஏ.ஆர்.சி. ஆர்.பி.ஐ. இணையதளத்தில் அவற்றின் பட்டியல் இருக்கிறது. பார்த்தோம், எனக்கு போன் செய்த கம்பெனியின் பெயரும் இருந்தது. விற்பதற்குக் கடனாளியின் சம்மதம் தேவையில்லையாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பெண் பார்க்க வருபவர்கள்கூட முன்னதாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

அடுத்து சார் சொன்னதுதான் எனக்குக் கைகொடுத்தது. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில், கடனை வாங்குபவர் அதன் நல்லது கெட்டதோடு சேர்த்துத்தான் வாங்குகிறார் என்று இருக்கிறது. பழைய வங்கியிடம் எனக்கு என்ன வாதம் உண்டோ, அது புதியவரிடமும் உண்டு. விற்ற தகவல் நமக்கு வருவதற்கு முன் பழைய இடத்தில் கட்டிய பணமும் செல்லும். "நீ குடுத்த பதினஞ்சாயிரம் இந்தக் கணக்குல இருக்கா, அத மொதல்ல பாரு" என்றார்.

கடிதத்தில் ஒரே ஒரு தொகைதான் இருந்தது. அது எப்படி வந்தது என்று ஒரு வரி இல்லை. நானே கூட்டிப் பார்த்தேன். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 42. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., தாமதக் கட்டணம் வேறு. தொகை ஏறக்குறைய ஒத்துவந்தது. ஆனால் பதினைந்தாயிரத்தைக் கழித்தால் ஒத்துவரவில்லை. ரசீதைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டோம். கடைசியில் வாடிக்கையாளர் இடுப்பளவு எழுதும் பழைய அளவு நோட்டுக்குள் மூன்றும் இருந்தன. கார்பன் தாள் ரசீது, வங்கி முத்திரையோடு.

தல்லாகுளம் தபால் நிலையத்திலிருந்து ஒப்புகை அட்டையோடு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினேன், ஏ.ஆர்.சி.க்கு ஒன்று, பழைய வங்கிக்கு ஒன்று. கணக்கை மாற்றிக் கொடுத்த பத்திரத்தில் என் கணக்கு இருப்பதைக் காட்டும் பக்கம், விற்ற தேதியில் பாக்கி எவ்வளவு என்ற விவரம், 2021-லிருந்து மாதவாரிக் கணக்கு, இவற்றைக் கேட்டேன். ரசீது நகல்களை இணைத்தேன். 'நீங்கள் கோரும் தொகை' என்று எழுதினேனே தவிர, 'நான் தர வேண்டிய தொகை' என்று எங்கும் எழுதவில்லை. இதுவும் சார் சொன்னதுதான். இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடக் கெடு உண்டு. எழுத்தில் ஒப்புக்கொண்டால், கொஞ்சம் கட்டினால்கூட, அந்தக் கெடு புதிதாக ஆரம்பிக்க இடமுண்டு. கெடுவைச் சாக்காக வைத்து ஏமாற்ற எனக்கு எண்ணமில்லை. கணக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட மட்டும் மனமில்லை.

இதற்கிடையில் வசூல் போன்கள். ஒருநாள் ராத்திரி எட்டரைக்கு ஒருவர் கூப்பிட்டு, பக்கத்துக் கடைக்காரர் நம்பரும் தன்னிடம் இருக்கிறது என்றார். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்கு போன் செய்யக் கூடாது என்பது ஆர்.பி.ஐ. விதி. அதைச் சொல்லி, நேரத்தையும் நம்பரையும் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அதன்பிறகு பகலில்தான் கூப்பிட்டார்கள். மரியாதையும் கொஞ்சம் கூடியிருந்தது.

ஏ.ஆர்.சி. மூன்று வாரத்தில் பத்திரத்தின் பக்கத்தை அனுப்பியது. டிசம்பர் 2023-ல் விற்றிருக்கிறார்கள். பதினைந்தாயிரம் பற்றி, "வங்கி குடுத்த டேட்டாவுல இல்ல சார்" என்பதுதான் பதில். வங்கியின் கிளைக்குப் போனால், "அந்த அக்கவுண்ட் இப்ப எங்க சிஸ்டத்துலயே இல்ல" என்றார்கள். விற்றவரும் கை விரித்தார், வாங்கியவரும் கை விரித்தார். நடுவில் நான் மூன்று ரசீதோடு நின்றேன்.

வங்கிக்கு எழுதி 30 நாள் தாண்டியும் பதில் இல்லாததால், ஆர்.பி.ஐ. குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகப் புகார் செய்தேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. தங்கை மகன் ஸ்கேன் செய்து ஏற்றிக் கொடுத்தான். அரை மணி நேர வேலை. இரண்டு மாதமாக வாய் திறக்காத வங்கி, புகார் போய்ச் சேர்ந்தபின் இரண்டு வாரத்தில் எழுதியது: மூன்று தொகையும் வந்திருக்கின்றன, கணக்கில் ஏற்ற விட்டுப்போயிற்று, திருத்திய விவரத்தை ஏ.ஆர்.சி.க்கு அனுப்பிவிட்டோம்.

அதன்பிறகு பேரம்தான். அதில் எனக்குக் கூச்சமில்லை. திருவிழாக் கடையில் பேரம் பேசியே வளர்ந்தவன். அவர்கள் ஒரு லட்சத்தில் ஆரம்பித்தார்கள், நான் ஐம்பதில் ஆரம்பித்தேன். 62,000-க்கு முடிந்தது, 22 ஒன்றும் 40 ஒன்றுமாக இரண்டு தவணை. கணக்கு எண், தொகை, தேதி எல்லாம் போட்டு லெட்டர்ஹெட்டில் கடிதம் கைக்கு வந்தபின்தான் முதல் தவணையைக் கட்டினேன். ஏஜெண்ட் தன் ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னார், மறுத்துவிட்டேன். கடிதத்தில் இருந்த வங்கிக் கணக்கில் கம்பெனி பெயரோடு 'டிரஸ்ட்' என்றும் இருந்ததால் ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். ஏ.ஆர்.சி.க்கள் டிரஸ்ட் அமைத்து அதன் பெயரில் கடனை வாங்குவது வழக்கம்தானாம். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டு நெஃப்டில் அனுப்பினேன்.

ஆகஸ்டில் கட்டி முடித்தேன், செப்டம்பரில் இனி பாக்கி இல்லை என்ற சான்று, அதாவது என்.ஓ.சி. வந்தது. அதோடு விட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கம்பெனிகளும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பார்த்தால் ஒன்றில் அதே கடன் இரண்டு தடவை இருந்தது: பழைய வங்கி பெயரில் முழுப் பாக்கியோடு ஒரு வரி, ஏ.ஆர்.சி. பெயரில் இன்னொரு வரி. இணையத்திலேயே ஆட்சேபம் பதிந்து, வங்கிக் கடிதத்தையும் என்.ஓ.சி.யையும் இணைத்தேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று ஏப்ரல் 2024-லிருந்து விதி இருக்கிறது. இருபத்தாறாம் நாளே திருத்திவிட்டார்கள்.

ஏ.ஆர்.சி. வரியில் 'செட்டில்டு' என்றுதான் இருக்கிறது, 'குளோஸ்டு' என்று இல்லை. குறைத்துக் கட்டினால் அப்படித்தான் வரும். அடுத்த கடனுக்குப் போகும்போது இதைக் கேட்பார்கள் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். முழுசாகக் கட்ட என்னிடம் பணம் இல்லை.

மூன்று ரசீதும் இன்னும் அந்த அளவு நோட்டுக்குள்தான் இருக்கின்றன. கார்பன் எழுத்து மங்கிக்கொண்டே வருவதால் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். என்.ஓ.சி. பெரிய தாள், நோட்டுக்குள் அடங்கவில்லை. மனைவி அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.