தரைவீடுகள் வந்தன, வீவக வீடுகளைக் காணோம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் என் மாமா ஏர்கான் சர்வீஸ் கம்பெனி நடத்துகிறார். ஒவ்வொரு வேலைக்கு முன்னும் பின்னும் ஊழியர்கள் எடுக்கும் படங்கள் ஆபீஸ் கணினியின் டி டிரைவில் குவிந்து கிடக்கின்றன. முகவரியைத் தட்டினால் படம் வரணும், கிளவுடுக்கு மாதாமாதம் காசு கட்ட முடியாது என்றார். ரியாக்ட்டில் இணையப் பக்கமாக எழுதி, அதைக் கணினிச் செயலியாக்கும் எலக்ட்ரானில் போட்டுக் கொடுத்துவிடலாம், ஒரு வார இறுதி வேலை என்று வாயை விட்டேன். மூன்று வார இறுதிகள் போயின.

முதல் அடி எல்லாருக்கும் விழுவதுதான். பக்கம் லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து (அதே கணினியில் ஓடும் சர்வர்) வருகிறது, படத்துக்கு ஃபைல் முகவரி கொடுத்தேன். கன்சோலில் சிவப்பாக 'நாட் அலவுட் டு லோட் லோக்கல் ரிசோர்ஸ்', கணினியில் உள்ள கோப்பைத் திறக்க அனுமதியில்லையாம். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் வெப்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பை அணைத்துவிடு என்பது. அணைத்தேன், படம் வந்தது, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள்தான் உறைத்தது: அந்த ஜன்னலுக்குள் எப்படியாவது ஒரு கெட்ட ஸ்கிரிப்ட் நுழைந்தால் மாமாவின் இன்வாய்ஸ் உட்பட எல்லாவற்றையும் படித்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரியான வழி, ஹெச்டிடிபி, ஃபைல் போல முகவரியின் தொடக்கத்தில் வரும் புரோட்டோகால் (ஸ்கீம் என்றும் சொல்வார்கள்) ஒன்றை நமக்கென்று வைத்துக்கொள்வது. 'படம்' என்ற பொருளில் ஒன்று பதிவு செய்தேன். ஆப் 'ரெடி' ஆவதற்கு முன்பே அதைச் சலுகை பெற்ற ஸ்கீமாக அறிவித்துவிட வேண்டும், பிறகு செய்தால் பலிக்காது. பழைய பதில்களில் வரும் ரிஜிஸ்டர்ஃபைல்புரோட்டோகாலை எலக்ட்ரான் 25லேயே ஓரங்கட்டிவிட்டார்கள். அந்த முகவரிக்கு வரும் கோரிக்கைக்குப் பதில் கொடுக்கும் புரோட்டோகால் ஹேண்டில்தான் இப்போது. அடுத்து டிரைவ் எழுத்து. ஸ்கீமுக்குப் பின்னால் நேராக டி, முக்காற்புள்ளி என்று பாதையை ஒட்டினால் எலக்ட்ரானுக்குள் இருக்கும் குரோமியம் உலாவி அதை ஹோஸ்ட் பெயராக, அதாவது சர்வரின் பெயராக, எடுத்துக்கொள்கிறது. முக்காற்புள்ளி மாயம், டி சின்ன எழுத்தாகிவிட்டது. நடுவில் 'லோக்கல்' என்று ஒரு பொய் ஹோஸ்ட் வைத்ததும் சரியானது. என் மடிக்கணினியில் எல்லாப் படமும் வந்தது. தமிழ்ப் பெயர், இடைவெளி உள்ள பெயர் எதிலும் சிக்கல் இல்லை.

சனிக்கிழமை ஈசூனிலிருந்து எம்ஆர்டி பிடித்து, டோபி காட்டில் மாறி, கடைக்குப் போய் நிறுவிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன்.

"மாப்ளே, தரைவீடு எல்லாம் வருது. வீவக வீடு ஒண்ணுகூட வரலையே. கொண்டோவும் இல்ல."

சிரித்தேன். கணினிக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு எது, கொண்டோ (தனியார் அடுக்குமாடி) எது, தரைவீடு எது என்று எப்படித் தெரியும்? மறுநாள் மறுபடி போனேன். ஹேண்டிலுக்குள் வரும் பாதையை அச்சிட்டுப் பார்த்தால் 'ஈசூன் தெரு 11' என்பதோடு நிற்கிறது. அதன்பின் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். ஜேபிஜியைக்கூடக் காணோம். டிரைவில் இருக்கும் பெயரோ 'ஈசூன் தெரு 11 #08-114 முன்.ஜேபிஜி'.

அந்த #! மாடி எண்ணுக்கு முன்னால் நாம் எல்லாரும் போடும் அதே குறி. முகவரிப் பட்டையில் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் குறிப்பது, கோரிக்கையோடு அனுப்பப்படாது. தரைவீட்டுக்கு மாடி எண் இல்லை, அதனால் தப்பித்தது. நான் சோதித்த படங்களுக்கு வைத்த பெயர்கள் 'பூனை 1', 'பூனை 2'. யாரைத் திட்ட?

பக்கத்தில் பாதையை, இப்படிப்பட்ட குறிகளை % குறியீடாக மாற்றும் என்கோட்யூஆர்ஐகம்போனென்ட்டில் போட்டு அனுப்பினேன். அப்போதும் வரவில்லை. அரைமணி நேரம் விழித்த பிறகு தெரிந்தது, ஹேண்டிலுக்குள் கோப்பை எடுத்துவரும் நெட் ஃபெட்சுக்குக் கொடுக்கும்போது 'ஃபைல்' என்று முன்னால் ஒட்டி மறுபடி வெறும் சரமாகத்தான் கட்டியிருந்தேன். ஒரே குழியில் இரண்டாம் முறை. எலக்ட்ரானோடு வரும் நோடில் இருக்கும் பாத்டுஃபைல்யூஆர்எல், கோப்புப் பாதையை முகவரியாக்குவது, இதற்கென்றே உள்ளது, #, % எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. வந்த பாதையை ஒரே ஒரு முறைதான் டிகோட் செய்ய வேண்டும், இரண்டு முறை செய்தால் % உள்ள பெயர்கள் வெடிக்கும். பாதை படக் கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்ற சோதனையையும் கையோடு போட்டேன்.

இன்னொன்று: இழுத்துப் போடும் கோப்புக்கு ஃபைல் டாட் பாத் கேட்டு எழுதிய பழைய நிரல் இருந்தால், எலக்ட்ரான் 32லிருந்து அது கிடையாது. பக்கத்துக்கு முன்பே ஓடும் பிரீலோட் ஸ்கிரிப்ட்டில் வெப்யூட்டில்ஸ் வழியாகக் கேளுங்கள்.

மாமா ஒவ்வொரு புளோக்காகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் வந்தது. பிறகு, என்னைச் சோதிக்கவோ என்னவோ, 'தீபாவளி 50% கழிவு #2' என்று புதிதாக ஒரு கோப்புறை போட்டு நாலு படத்தை உள்ளே தள்ளினார். அதுவும் திறந்தது. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.