பிளாஸ்டர் பலகையில் ‘மெஸ்’: எகிப்தியப் பிரசவ எழுத்தைச் செதுக்கிப் பார்த்தது

எகிப்தியக் கோயில்களில் பிரசவக் காட்சியைத் தேடினால், பெரும்பாலும் பிள்ளை பிறந்து கைக்கு வந்துவிட்ட கட்டம்தான் கிடைக்கிறது. டெயிர் எல்-பஹ்ரி கோயிலில், எகிப்தை ஆண்ட அரசி ஹட்ஷெப்சுட் பிறக்கும் காட்சியும் அப்படித்தான். பிறக்கும் நொடியையே காட்டிய அர்மன்ட் ஊரின் பிறப்பில்லத்தை (கடவுளின் பிறப்பைக் கொண்டாடும் சிறு கோயில்) 1860களில் சர்க்கரை ஆலைக்காக இடித்துவிட்டார்கள். ஜெர்மன் எகிப்தியவியலாளர் லெப்சியஸ் குழுவின் கோட்டுப்படம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் ‘மெஸ்’ (பெற்றெடு) என்ற சித்திர எழுத்தில் ஒளிவுமறைவே இல்லை: மண்டியிட்ட பெண், அடியில் பிள்ளையின் தலையும் இரு கைகளும். இந்த முறை பிளாஸ்டரில் செதுக்கியது அதைத்தான்.

20 × 20 செ.மீ., 3 செ.மீ. கனமுள்ள பலகைக்கு 1.1 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 775 மி.லி. தண்ணீர். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். இரண்டு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கி, எண்ணெய் தடவிய சட்டத்தில் ஊற்றலாம். இறுகத் தொடங்கியபின் தண்ணீர் சேர்த்தால் பலகை பொடியாக உதிரும். சூடேறி ஆறியதும், ஈரம் இருக்கும்போதே செதுக்குவது நல்லது.

சிவப்பில் வரைவு, கறுப்பில் திருத்தம். எகிப்தியச் சிற்பிகளும் இப்படித்தான் செய்தார்கள். இது குழிவுப் புடைப்பு: உருவத்தைச் சுற்றி 5 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டி, உள்ளே விளிம்பை மட்டும் சரித்து இறக்க வேண்டும். வயிறுதான் உயரமான இடம். அதுவும் பலகையின் மட்டத்தைத் தாண்டக் கூடாது.

முதல் பலகை கெட்டது பிள்ளையின் கைகளில். இரண்டு கைகளுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி, 3 மி.மீ. உளியை அதில் நுழைத்ததும் ஒரு கை தோள்பட்டையோடு பெயர்ந்து வந்துவிட்டது. இரண்டாவதில் இடைவெளியை 4 மி.மீ. ஆக்கி, உளியைத் தொடாமல் கோணி ஊசியால் சுரண்டி இறக்கியதில் தப்பியது. காய்ந்துபோன இடத்தில் தண்ணீர் தொட்டுத் தடவாமல் கை வைத்தால் ஓரம் பிசிறும்.

பெண்ணின் மேனிக்கு மஞ்சள் காவி, வேலம்பிசின் கரைசலில். சமையல் மஞ்சள் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். விளக்கை நேர் எதிரே வைத்தால் எல்லாம் தட்டையாகத் தெரிகிறது. பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால்தான் வெட்டின் நிழல் விழுந்து பிள்ளையின் தலை தனியாக எழும்புகிறது. கோயில் வெளிச்சுவர்களில் எகிப்தியர்கள் குழிவுப் புடைப்பையே விரும்பியதும் அங்கே அடிக்கும் வெயிலை நம்பித்தான்.