பார்க்லியும் மஞ்சாடி முத்தும்

அக்டோபர் 24

நாகர்கோவில் டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்த புத்தகத்தைத் தங்கை பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிவிட்டாள். ரஸ்ஸல் பார்க்லியின் ‘டேக்கிங் சார்ஜ் ஆஃப் ஏடிஎச்டி’. ஏடிஎச்டி என்றால் கவனம் நிற்காமல் போவது, அடங்காத துள்ளல், அல்லது இரண்டும் சேர்ந்த சிக்கல். 1995ல் முதலில் வந்தது, என் கையில் இருப்பது 2020ல் வந்த நான்காம் பதிப்பு. நல்ல தடிமன். தக்கலை பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிற புத்தகம் அல்ல.

மகளுக்கு ஒன்பது வயது. ஓடிச்சாடுகிற பிள்ளையாக இருந்திருந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். இவள் இருந்த இடத்தில் இருப்பாள், மனசு மட்டும் எங்கேயோ போயிருக்கும். இது ஏடிஎச்டிதான் என்று டாக்டர் சொன்ன பிறகும் பக்கத்து வீட்டு அக்கா, “பெண்பிள்ளைக்கு அதெல்லாம் வராது” என்றாள். வரும். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஆறு அறிகுறிகளாவது குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது தொடங்கியிருக்க வேண்டும். துள்ளல் இல்லாமல் இது மட்டும் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. இதையெல்லாம் பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை. புத்தகத்தை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்.

அக்டோபர் 28

முதல் பகுதி முழுக்க மூளை, மரபு, ஆராய்ச்சி. எனக்குப் பயன்பட்டது இரண்டு விஷயம்.

ஒன்று வயதுக் கணக்கு. தன்னைத் தானே அடக்கி நடத்துகிற திறமையில் இந்தப் பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் பின்னால் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் பார்க்லி. அப்படிப் பார்த்தால் என் மகளுக்கு இந்த விஷயத்தில் ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளை தானாகப் பை அடுக்கவில்லை என்று யாராவது கத்துவார்களா?

இன்னொன்று, என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும், தெரிந்ததை அந்த நேரத்தில் அந்த இடத்தில் செய்வதில்தான் கஷ்டம் என்பது. அப்படியென்றால் ராத்திரி படுக்கையில் வைத்துச் சொல்கிற புத்திமதி காலை ஏழரைக்கு உதவாது. ஏழரை மணிக்கு, செருப்பு கிடக்கிற இடத்தில் உதவி இருக்க வேண்டும். பட்டியலைச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

சொல்கிற விதத்துக்கும் ஒரு பகுதி உண்டு. அடுக்களையிலிருந்து கூவாதே, பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துச் சொல், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல். கேள்வியாகக் கேட்காதே. “சாப்பிட வாறியா மக்ளே?” என்று கேட்டால் “இல்ல” என்பதும் ஒரு பதில்தானே.

நவம்பர் 1

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், உள்ளூர் விடுமுறை. மழையும் சேர்ந்துகொண்டதால் எல்லாரும் வீட்டில்.

பார்க்லி சின்னப் பிள்ளைகளுக்குச் சீட்டாட்ட வில்லைகளை வைத்து ஒரு முறை சொல்கிறார். வேலை முடித்ததும் உடனே வில்லை, சேர்த்த வில்லைக்குப் பிடித்தது ஏதாவது. நம் வீட்டில் சீட்டாட்ட வில்லைக்கு எங்கே போக? அம்மா வீட்டுப் பறம்பில் பொறுக்கிய மஞ்சாடி முத்து ஒரு டப்பா நிறையக் கிடந்தது. சிவப்பாக, வழுவழுவென்று, கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. வில்லையைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

மகளும் நானும் உட்கார்ந்து விலைப் பட்டியல் போட்டோம். ராத்திரியே பை அடுக்கினால் மூன்று முத்து. முதல் தடவை சொன்னதும் எழுந்தால் இரண்டு. பத்து முத்துக்கு அரை மணி கார்ட்டூன். அறுபது சேர்ந்தால் முட்டம் கடற்கரை. முட்டத்துக்கு இருநூறு வை என்று அவள் அப்பா சொன்னார். வேண்டாம் என்றேன். தூரத்தில் இருக்கிற பரிசு இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத பரிசு மாதிரி.

மாமி, அதாவது என் மாமியார், வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “பிள்ளைக்கு லஞ்சம் குடுத்தா வளக்கது?” லஞ்சம் தப்பான காரியத்துக்குக் கொடுப்பது மாமி, இது கூலி என்றேன். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் காப்பி சிந்தியதற்கு டப்பாவிலிருந்து நாலு முத்தை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். தொடக்கத்தில் எதையும் பறிக்கவே கூடாது என்று புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. மாமி ஆங்கிலப் புத்தகம் படிப்பவர் அல்லவே. முத்தைத் திருப்பி வாங்கப் பெரும்பாடு ஆகிவிட்டது.

நவம்பர் 5

பக்கத்து வீட்டு அக்கா: இனிப்பை நிறுத்து, தானாகச் சரியாகும். 1995லேயே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள், சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றவில்லை. பல்லுக்காக வேண்டுமானால் நிறுத்தலாம். முந்திரிக்கொத்து தொடரும்.

நவம்பர் 9

‘ஸ்மார்ட் பட் ஸ்கேட்டர்ட்’. பெக் டாசன், ரிச்சர்ட் குவேர் எழுதியது, 2009. ஏடிஎச்டி என்று பெயர் வாங்காத பிள்ளைகளுக்கும் ஆகும். தொடங்குவது, நேரம் பார்ப்பது, பொருளை ஒதுங்க வைப்பது என்று திறமைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது. இதில் நல்ல யோசனை, பெற்றோருக்கும் ஒரு கேள்வித்தாள் இருப்பது. நான் பொருள் ஒதுக்குவதில் கெட்டி, காத்திருப்பதில் பூஜ்யம். மகள் நேர் எதிர். எங்கள் காலை நேரச் சண்டை முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

குறை என்னவென்றால் வீட்டில் பிள்ளைக்குத் தனி மேசை, தனி அறை எல்லாம் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். இங்கே டிவியும் மாமியும் ஹோம்வொர்க்கும் ஒரே அறையில்.

நவம்பர் 14

பெற்றோருக்கான புத்தகங்களில் பெரிய ஓட்டை, வீட்டில் ஒருத்தர் படித்தால் போதும் என்று அவை நினைப்பது. நான் அலுவலகத்திலிருந்து வரும்வரை பிள்ளை இருப்பது பாட்டியிடம். பாட்டிக்கு எது?

நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிற ‘டோட்டோ-சான்’ நினைவுக்கு வந்தது. தெத்சுகோ குரோயநாகி தன் சின்ன வயதைப் பற்றி 1981ல் எழுதியது. அதில் கோளாறு, அறிகுறி என்ற பேச்சே கிடையாது. ஜன்னலோரம் நின்று வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டதற்காக ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கிற இன்னொரு பள்ளிக்குப் போகிறாள். அவ்வளவுதான்.

மாமி கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். “அந்த ஹெட்மாஸ்டர் நாலு மணி நேரம் அந்தப் பிள்ள பேசினதக் கேட்டாராமே!” என்றார். அதைவிட அவர் மனசைப் பிடித்தது வேறு இடம். பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பதை அந்த அம்மா, மகளுக்கு இருபது வயது ஆகிறவரை சொல்லவே இல்லை. மாமி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “நாம மார்க்க தெருவுக்கே சொல்லுதோம்” என்றார். அன்றைக்குப் பிறகு பால்காரரிடம் பேத்தியின் மார்க் பற்றிப் பேச்சில்லை. பார்க்லி செய்யாத வேலை இது.

நவம்பர் 22

வீட்டுக்காரருக்கு ஹாலோவெல், ரேட்டி எழுதிய ‘டிரைவன் டு டிஸ்ட்ராக்‌ஷன்’, 1994. எழுதிய இருவரும் மனநல மருத்துவர்கள், இருவருக்குமே இந்தச் சிக்கல் உண்டு. கதை கதையாகப் போகிறது. செய்முறை கம்மி, பிள்ளைக்காக என்றால் இரண்டாவதாகத்தான் சொல்வேன். இவருக்கு ஏன் என்றால், இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதன் மரபுப் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. ஸ்கூட்டர் சாவியைத் தினமும் தேடுகிற மனிதரை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறார்.

மருந்து பற்றியும் டாக்டரிடம் பேசினோம். ஆறு வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து போகலாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019ல் சொன்னது. அரையாண்டு முடிந்து முடிவெடுப்போம். ‘மருந்தில்லாமல் முப்பதே நாளில்’ வகைப் புத்தகம் ஒன்றை உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். பரணில் இருக்கிறது.

நவம்பர் 29

ராஸ் கிரீன், ‘தி எக்ஸ்ப்ளோசிவ் சைல்ட்’, 1998. வெடித்து அழுகிற பிள்ளைகளுக்கானது. செய்ய முடிந்தால் பிள்ளை செய்யும் என்று நம்பித் தொடங்குகிறார். பெரியவர் தன் முடிவைத் திணிப்பது பிளான் ஏ. சேர்ந்து தீர்ப்பது பி. இப்போதைக்கு விட்டுவிடுவது சி. உரையாடல்கள் நீளம், பாதியைத் தாண்டலாம். ஆனால் பி-யை அழுகை நேரத்தில் செய்யாதே, சும்மா இருக்கும்போது செய் என்பது தங்கம்.

டிசம்பர் 3

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா விடுமுறை. கோட்டாற்றுக் கூட்டத்துக்குப் போகாமல் பி-யைச் செய்து பார்த்தேன். போர்டில் இருப்பதை எழுதிக்கொண்டு வருவதில்லை என்பது வழக்கு.

“போர்டுல எழுதினத எழுதக் கஷ்டமா இருக்குல்லா, என்ன விஷயம்?”

“தெரியாது.”

காத்திருந்தேன். எனக்கு வராத திறமை என்று சொன்னேன் அல்லவா, கிழங்கு உரித்துக்கொண்டே காத்திருந்தேன்.

“நான் தலைய குனிஞ்சு எழுதிட்டு நிமிந்தா எந்த வரின்னு தெரியாது. தேடுததுக்குள்ள டீச்சர் அழிச்சிருவாங்க.”

சோம்பல் என்று பள்ளி டைரியில் வந்திருந்ததற்குப் பின்னால் இருந்தது இது. என் கவலையையும் சொன்னேன், நோட்டு இல்லாமல் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று. அவளே ஒரு வழி சொன்னாள்: முன் பெஞ்சு, விட்டுப்போனதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டில் பார்த்து எழுத அனுமதி.

டிசம்பர் 8

டீச்சரிடம் புத்தகத்தை நீட்டவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கிறவருக்கு முந்நூறு பக்கம் கொடுப்பது அக்கிரமம். தமிழில் ஒரே ஒரு தாள் எழுதிக்கொண்டு போனேன். முன் பெஞ்சு. வரி விட்டுப்போனால் பக்கத்து நோட்டு. வீட்டுப்பாடம் பாதி செய்தாலும் அந்தப் பாதிக்கு ஒரு ‘குட்’.

முதலிரண்டுக்கும் உடனே சரி என்றார். மூன்றாவதற்கு மற்றப் பிள்ளைகள் கேட்பார்களே என்று யோசித்தார். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. அரையாண்டு முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்றார். தாளை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு நகல் கிடைக்குமா, ஐந்தாம் வகுப்பு டீச்சரிடமும் காட்டவேண்டும் என்றார். அங்கே இப்படி ஒரு பையன் இருக்கிறானாம்.