22:30

அக்டோபர் 11, இரவு ஷிஃப்ட்

இன்று புகார் எதுவும் வரவில்லை. சர்வர் அறையில் ஏசி இரைச்சல் மட்டும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் கதையை எடுத்தேன். 1969-ல் முதலில் இணைந்தவை இரண்டு கணினிகள்: லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சிக்மா 7, சுமார் 560 கி.மீ. வடக்கே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்டிஎஸ் 940. இரண்டு ஊரிலும் கணினிக்குப் பக்கத்தில் ஐஎம்பி என்றொரு பெட்டி. நம் ரவுட்டரின் பாட்டன். ஃப்ரிட்ஜ் அளவு, 400 கிலோவுக்கு மேல் எடை, தூக்கிவைக்க உச்சியில் இரும்பு வளையங்கள். என் மேஜையில் இருப்பதை ஒரு கையால் தூக்கி அடியில் தூசி துடைத்தேன்.

அக்டோபர் 12

அந்த அக்டோபர் 29 இரவு. லாஸ் ஏஞ்சலஸில் மாணவர் சார்லி க்ளைன் 'லாகின்' என்று தட்ட வேண்டும். மறுமுனையில், ஸ்டான்ஃபோர்டில், பில் டுவால். இருவரும் ஃபோனில். எல் வந்ததா? வந்தது. ஓ வந்ததா? வந்தது. ஜி தட்டினார், அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டது.

உலகின் முதல் செய்தி 'லோ' என்று சிலாகிப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த ஃபோன்தான். இன்றும் லைன் போனால் "பிங் வருதா சார்?" என்று ஃபோனில்தானே கேட்கிறோம்!

அக்டோபர் 14

நேற்று எழுத நேரமில்லை. சரி, மெஷின் ஏன் படுத்தது? அதுவரை அதனுடன் பேசியவை தட்டச்சு இயந்திரம் போன்ற டெலிடைப்புகள், நொடிக்கு 10 எழுத்து வேகம். புது லைனோ நொடிக்கு 50,000 பிட், அதாவது 5,000 எழுத்துக்கும் மேல். எழுத்துகளைத் தேக்கிவைக்கும் பஃபர் சின்னது, நிரம்பி வழிந்தது. டுவால் அதைப் பெரிதாக்கினார். அன்றிரவே லாகின் ஆனது. சொம்பைக் கொண்டுபோய் மதகடியில் பிடித்த கதை.

அக்டோபர் 15

லாஸ் ஏஞ்சலஸ் ஐஎம்பியின் லாக் புத்தகப் பக்கத்தைப் படமாகப் பார்த்தேன். பேனாக் கையெழுத்து. 22:30, ஸ்டான்ஃபோர்டு கணினியுடன் பேசியாயிற்று, அவ்வளவுதான். படுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நேற்று முன்தினம் ஒரு கிளையின் லைன் போய், இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் நானே கேபிளை மாற்றிச் செருகியிருந்ததைக் கண்டுபிடித்தேன். எங்கள் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் இருப்பது: "23:10. லிங்க் ஓகே."