பட்டாளத்தார் தெருவுக்கு வழி

திருச்சி கன்டோன்மென்ட்டில் ‘மேஜர் சரவணன் ரோடு’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்பதில்லை. போருக்குப் போனவர்களையும் போய்த் திரும்பாதவர்களையும் காவிரிக்கரை ஊர்கள் தெருப்பெயர்களில் எப்படி வைத்திருக்கின்றன என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. கோயில்களை ஒத்திவைத்துவிட்டு இந்த முறை அந்தச் சாலையிலிருந்தே கிளம்பினேன்.

மேஜர் மாரியப்பன் சரவணன், பீகார் ரெஜிமென்ட். 1999 கார்கில் போரில், படாலிக் பகுதியில் ஜுபார் மலையைப் பிடிக்க நடந்த தாக்குதலில் மே 29 அன்று உயிர்நீத்தார். 26 வயது. சண்டை ஓயாததால் உடலை எடுத்துவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர் சக்ரா பிறகு வந்தது. அவருக்கு நினைவுச் சின்னமும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது சாலைதான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுவந்த பையன் ஒருவன் போனில், “அண்ணே, மேஜர் சரவணன் ரோட்டுலதான் நிக்கிறேன், எந்தப் பக்கம் வரணும்?” என்று கத்திக்கொண்டிருந்தான். கார்கில் சண்டை நடந்தபோது அவன் பிறந்தே இருக்கமாட்டான். சிலைக்கு வருஷத்தில் ஒருநாள் மாலை விழும். தெருவின் பெயரைத் தினமும் யாராவது வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

அங்கிருந்து காந்தி மார்க்கெட். வெங்காய மூட்டையும் வாழைத்தாருமாக நெரிகிற அந்த இடத்தில் முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. அந்தப் போர் முடிந்ததும் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் ஆங்கிலேய அரசு கல்வெட்டுப் பலகைகள் பதித்தது. எல்லாவற்றிலும் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். எண்ணிக்கை மட்டும். ஒரு பெயர் கிடையாது. மெசபடோமியா (இன்றைய ஈராக்) மணலில் செத்தவன் கருப்பையாவா, அந்தோணியா, காதரா? கல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தக் குடும்பங்களின் கொள்ளுப்பேரன்கள் இன்றைக்கும் அதே கல்லைக் கடந்துதான் காய்கறி வாங்கப் போவார்கள், தங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு தெரியாமலே. எனக்கு மனசு ஆறவில்லை.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி 1814–15இல் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் யாரோ ஜெயித்ததற்கு நம் மண்ணில் எட்டு அடுக்கு! காற்று நன்றாக வரும், பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை.

மனசு நிறைந்தது திருப்புறம்பியத்தில். கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் தாண்டிப் போனால் மண்ணியாற்றங்கரை ஊர். விநாயகர் சதுர்த்தி இரவில் தேன் அபிஷேகம் காணும் பிள்ளையாருக்காகக் கூட்டம் வரும். ஊருக்குச் சற்று வெளியே உள்ள பள்ளிப்படைக் கோயிலுக்கு, அதாவது இறந்தவரின் சமாதிமேல் எழுப்பிய கோயிலுக்கு, அவ்வளவு பேர் வருவதில்லை. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பெரும் சண்டை நடந்தது. ஒரு பக்கம் பாண்டியன் வரகுணன். மறுபக்கம் பல்லவன் அபராஜிதன், அவனோடு கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, ஆதித்த சோழன். பல்லவர் பக்கம் வென்றது. பிருதிவிபதி களத்திலேயே மாண்டான். ஆதாயம் சோழருக்குப் போய், அடுத்த தலைமுறைகளில் ஒரு பேரரசே வந்தது.

பள்ளிப்படையைச் சுற்றிய இடத்துக்கு உதிரப்பட்டித் தோப்பு என்று பெயர் சொல்கிறார்கள். போரில் செத்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர், கல்வெட்டுப் படித்தவர்களுக்குத் தெரியும். தர்மபுரி, செங்கம் பக்கம் போனால் வரிசையாக நடுகற்கள் நிற்கும். வண்டல் மண்ணான டெல்டாவில் நடுவதற்குக் கல்லுக்கு எங்கே போவது? இங்கே நிலத்தையே கொடுத்து, அந்த நிலத்துக்குப் பெயரையும் வைத்திருக்கிறார்கள். மாடு மேய்க்கிறவனும் கீரை பறிக்கிறவளும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அதைச் சொல்லிச் சொல்லியே காப்பாற்றியிருக்கிறார்கள். வீரனுக்கு இடத்தின் பெயரால் மரியாதை செய்வது நாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை என்பதற்கு எனக்கு இந்தத் தோப்பு போதும்.

காரைக்காலில் அதிக நேரம் தங்க முடியவில்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற குடும்பங்கள் பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14 அன்று போர் நினைவுச் சின்னத்தில் மலர் வைப்பது அங்கே இன்றும் வழக்கம்.

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் ஒரு ஊரில் எனக்குத் தெரிந்த ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்று முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஊரில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிக்காரர். கூடத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். மூலையில் துரு ஏறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை. அவர் தெருவிலிருந்து இன்னொருவரும் ராணுவத்தில் சேர்ந்தார். 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருவரும் போனார்கள். இவர் வந்தார். அவர் வரவில்லை.

செத்தவரின் கூட்டாளிகள் தெருமுனையில் அவர் பெயரில் ஒரு தகரப் பலகை வைத்திருந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அதைப் பிடுங்கிப் போனது. கூரை ஓடும் தென்னையும் போன ஊரில் பலகையை யார் தேடுவார்கள்? பிறகு வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது சில இளைஞர்கள் மறுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அமைதிப்படை செய்ததற்கு நம் ஊரில் போர்டா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியாது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990இல் படை சென்னைத் துறைமுகம் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இந்தக் கோபம் நேற்று முளைத்ததில்லை.

மிலிட்டரிக்காரர் அமைதியாகத்தான் பேசினார். “நாங்க தமிழ் பேசுறதக் கேட்டு ஒரு கிழவி குடத்தோட தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு தம்பி. மறுநாளு அதே ரோட்டுல சண்ட. யார நான் கோவிச்சுக்கிறது?”

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. படையை அனுப்பிய முடிவைத் திட்டலாம், நானும் திட்டுவேன். குறுவைக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பையன் அந்த முடிவை எடுக்கவில்லை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் அமைதிப்படையினருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. செத்த சுமார் 1,200 பேரின் பெயர்களையும் அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 2015இல் பிரதமர் மோடி அங்கே போய் மலர் வைத்தார். யார் மண்ணில் சண்டை நடந்ததோ அவர்கள் தலைநகரத்துப் பக்கத்தில் பெயர் இருக்கிறது. சொந்தத் தெருவில் இல்லை.

தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணை போட்டதிலிருந்து இந்த ஊரிலும் பேச்சு திரும்பியிருக்கிறது. அந்தத் தெருவுக்கும் சாதிப் பெயர்தான். முல்லை, மல்லி என்று பூப்பெயர் வைத்துவிட்டால் வம்பில்லை என்கிறார்கள் சிலர். வம்பில்லாத பெயர் எந்த ஊருக்கும் பொருந்தும், அதுதான் அதில் குறை. இந்தத் தெருவுக்கென்று ஒரு ஆள் இருக்கிறார், இலங்கையிலிருந்து திரும்பி வராதவர். அவர் பெயரையே வைக்கலாம்.

“போஸ்ட்மேன் பழைய பேரத்தான் சொல்லுவாரு” என்றார் மிலிட்டரிக்காரரின் மனைவி. சொல்லட்டும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பள்ளிக்கூட டி.சி.யிலும் புதுப் பெயர் ஏறினால் பத்து வருஷத்தில் பழகிவிடும்.

பலகையில் என்ன எழுதுவது என்பதில் மிலிட்டரிக்காரர் கறார். வெறுமனே ‘தியாகி’ என்று போட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார். பெட்டியில் இருக்கிற அதே வரிசை வேண்டும்: நம்பர், ரேங்க், பெயர், யூனிட். கீழே இறந்த இடமும் வருஷமும். யாழ்ப்பாணம் என்ற சொல்லையும் மறைக்கக்கூடாது என்று நான் சேர்த்துக்கொண்டேன். படிக்கிற பிள்ளை ஏன் அங்கே போனார் என்று கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்லட்டும். மறுத்த இளைஞர்களில் ஒருவர், இடமும் வருஷமும் இருக்குமென்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். இன்னொருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தீர்மான வரைவை அன்று இரவே உட்கார்ந்து எழுதினோம். ஜனவரி 26 கிராம சபையில் மனுவோடு கொடுப்பதாக ஏற்பாடு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகிறது. கையெழுத்து வாங்க மிலிட்டரிக்காரரே வீடு வீடாகப் போகிறார், ஒத்துக்கொள்ளாதவர் வீட்டுக்கும்தான்.