நின்ற வண்டிக்குத்தான் செலவு அதிகம்

கட்டைவிரலால் சுவரை அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கையின் இடது மூலை அது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரு கறைகூட இல்லை. லேசான பூஞ்சை வாசனை மட்டும் இருந்தது. மூடிக் கிடந்த வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளைக் கிழித்துப் பார்த்தால், உள்ளே இருந்த ஒட்டுப்பலகை ஊறிய அட்டை மாதிரி கையோடு வந்தது. அதற்கு முன் ஏழு மாதம் அந்த மோட்டர்ஹோம், அதாவது படுக்கை, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. முந்தைய பயணத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு ஒரு முனகல்கூட இல்லாமல் வந்து நின்ற வண்டி.

பதினோரு வருடமாக இந்த வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்து இருக்கையில் வீட்டுக்காரர். கணக்கு நோட்டு எழுதுவது அவர் வேலை. அந்த நோட்டைப் போன வாரம் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. நெடுஞ்சாலையில் ஓடும்போது வந்த செலவு சொற்பம்தான். மற்றதெல்லாம் வண்டி சும்மா நின்றபோது வந்தது, இல்லையென்றால் நிறுத்த இடம் தேடி நடை வேகத்தில் ஊர்ந்தபோது வந்தது. புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் வேகத்தையும் மலைப்பாதையையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் வாடிவிடுகிறது.

ஆனாலும் கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று வருடத்துக்கு இரண்டு தடவை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். கூரையில் எங்கெல்லாம் ஓட்டை போட்டு எதையாவது பொருத்தியிருக்கிறார்களோ அங்கெல்லாம் தண்ணீருக்கு வழி இருக்கிறது. காற்றுத் திறப்பின் விளிம்பு, ஏசியின் அடிப்பகுதி, ஆன்டெனா தண்டு, சோலார் பலகையின் திருகுகள், சுவரும் கூரையும் சேரும் ஓரப்பட்டை என எல்லாவற்றையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் வெடித்திருந்தாலோ ஓரம் தூக்கியிருந்தாலோ நகத்தில் தட்டும். கண் ஏமாற்றும், நகம் ஏமாற்றாது. எங்கள் வண்டியில் கூரை சுத்தமாக இருந்தது. முகப்பின் உச்சியில் வரிசையாக இருக்குமே சின்ன விளக்குகள், அதில் ஒன்றின் அடிரப்பர் காய்ந்து சுருங்கியிருந்தது. அந்த வழியாக இறங்கிய தண்ணீர் சட்டத்தோடு ஓடி, ஒன்றரை மீட்டர் தள்ளி மூலையில் போய்த் தேங்கியிருக்கிறது. நுழைந்த இடம் ஒன்று, ஊறிய இடம் வேறு. அதனால்தான் உள்ளேயும் பார்க்கச் சொல்கிறேன். நல்ல மழைக்கு அடுத்த நாள் அலமாரிகளைத் திறந்து, மூலைகளில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் அளவு மாதத்துக்கு மாதம் ஏறினால், சுவர் பார்வைக்கு எப்படி இருந்தாலும் உள்ளே ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம்.

கசிவைக் கண்டதும் கையில் கிடைத்த சிலிக்கோன் பசையை எடுத்துப் பிதுக்கிவிடாதீர்கள். நான் பிதுக்கினேன். சிலிக்கோன் ஒருமுறை காய்ந்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. அடுத்த தடவை அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். பொருத்தும் சட்டங்களுக்கு அடியில் பியூட்டைல் நாடா (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் நாடா), மேலே உங்கள் கூரையின் பொருளுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் சீலன்ட். ரப்பர் கூரைக்கும் ஃபைபர் கூரைக்கும் ஒரே குழாய் சரிப்படாது. எங்கள் மூலையை வெட்டி எடுத்து, சட்டத்தை உலர்த்தவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் போயிருக்க வேண்டிய பயணம் நோட்டில் ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது டயர். காரில் டயர் தேய்ந்து சாகும். இந்த வண்டியில் வயதாகிச் சாகும். டயரின் வரிப்பள்ளம் அப்படியே புதிது போல இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் கெட்டித்துப் போயிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருப்பார்கள். 1417 என்றால் 2017ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்தது. உள்பக்கச் சுவரில் மட்டும் அந்த எண் இருக்கும் டயர்களும் உண்டு, டார்ச் எடுத்துக்கொண்டு படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் ஆனதும் வருடா வருடம் தெரிந்தவரிடம் காட்டிவிடுகிறேன். ஏழு தாண்டினால் யாரிடமும் கேட்பதில்லை, மாற்றிவிடுகிறேன். மாற்றிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்ல மறந்துவிடுவார்.

பேட்டரியிலும் இதே கதைதான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லுவோம். ஆனால் கேஸ் கசிவு அலாரமும் ரேடியோவின் நினைவும் இன்னும் ஏதேதோ சின்னச் சாமான்களும் ராப்பகலாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 காட்டினால் பாதி. பாதிக்குக் கீழே விட்டு மாதக்கணக்கில் வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. லித்தியம் போட்டிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அதற்கு சார்ஜ் ஏற்றக்கூடாது, அது வேறு விதமாகக் கெடும். வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு ஸ்விட்சும் இருந்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை, ஏசி மாதிரி ஒரு சுமையைக் கொடுத்து ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டினால் போதாது. ஃப்ரிட்ஜ் கதவை ஒரு துணியைச் செருகித் திறந்தே வையுங்கள். குளிரில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க், குழாய், ஹீட்டர், பம்ப் எல்லாவற்றிலும் தண்ணீரை வடித்துவிட்டுக் குழாய்களைத் திறந்தபடி விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரியும், குழாய் வளைவில் இருக்கும் எந்த பிளாஸ்டிக் முழங்கையும் அதற்கு ஈடுகொடுக்காது. ஷவர் ஹோஸ்தான் எல்லோரும் மறக்கும் இடம்.

சரி, இழுப்பதைப் பற்றி.

வண்டிக்குப் பின்னால் எங்கள் சின்னக் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறோம். போய்ச் சேர்ந்த இடத்தில் சுற்றிப் பார்க்க அது இருந்தால்தான் வசதி. எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் எண்ணெய் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் உருட்டினால், நியூட்ரலில் போட்டிருந்தாலும், உள்ளே எண்ணெய் ஏறாமல் எல்லாம் உராய்ந்து தீர்ந்துவிடும். காரின் கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். அது 'கூடாது' என்றால் கூடாதுதான். டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் அதே காரை மூன்று வருடமாக இழுக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் சேராது.

கூடாது என்று எனக்குத் தெரிந்தே செய்தது வேறொன்று. ஒரு பெட்ரோல் பங்க்கில் நுழைந்துவிட்டேன். முன்னால் ஒரு லாரி குறுக்கே நிற்கிறது, வெளியேற வழி இல்லை. காரைக் கழற்ற வேண்டும். வீட்டுக்காரர் இறங்கவும் செய்தார். 'ரெண்டடிதானே' என்று நான் ரிவர்ஸ் போட்டேன். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும் காரைப் பின்னுக்குத் தள்ளினால் அதன் முன்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் முழுக்கத் திரும்பிக்கொள்ளும். அப்புறம் அது உருளாது, பக்கவாட்டில் இழுபடும். கேமராவில் காரின் முகம் மெல்லச் சாய்வது தெரிந்தது. பிரேக்கை மிதிப்பதற்குள் காரை வண்டியோடு இணைக்கும் டோ பாரின் ஒரு கை வளைந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் 'ரெண்டடி' என்று எழுதி, பக்கத்தில் தொகையைப் போட்டு வைத்திருக்கிறார்.

காரை மாட்டவும் கழற்றவும் நேரான, சமமான தரையே நல்லது. வளைவில் நிறுத்தினால் இழுவிசை ஒரு பக்கம் மட்டும் ஏறி டோ பாரை மாட்டும் ஊசி சிக்கிக்கொள்ளும், சுத்தியல் தேட வேண்டியிருக்கும். பாதுகாப்புச் சங்கிலிகளை இணைப்புக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், இணைப்பு விட்டுப்போனால் டோ பார் தரையில் குத்தாமல் அவை தாங்கும். கார் கழன்று போனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கம்பி ஒன்று உண்டு. அதைச் சங்கிலியில் மாட்டாமல் தனியாக வண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். கியர், ஹேண்ட்பிரேக், ஸ்டீயரிங் பூட்டு மூன்றையும் பார்த்துவிட்டு, பத்தடி மெதுவாக நகர்த்தி, பின்சக்கரம் உருளுகிறதா என்று ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கோடு இழுத்துப் போன கார் ஒன்றின் பின்டயரை நான் பார்த்திருக்கிறேன். டயர் என்று சொல்ல முடியாது, கரிந்த சுருள்.

டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு எடைதான் முக்கியம். கனமானது அச்சுக்கு மேலும் கொஞ்சம் முன்னாலும் இருக்கட்டும். பின்பக்கம் கனத்தால் வால் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பிரேக்கை அழுத்தக்கூடாது, ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்கக்கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி இருங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டுப்பாடு கையில் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். எடையை ஊகிக்க வேண்டாம். தண்ணீர், எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஏற்றி ஒவ்வொரு அச்சையும் தனியாகப் பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. முதல் தடவை ஏற்றியபோது எங்கள் பின் அச்சு வரம்பைத் தாண்டி 140 கிலோ கூடுதலாக இருந்தது. பாதி டேங்க்கை அங்கேயே வடித்தோம். மீதிக்கு என் புத்தகங்கள் இறங்கின, அவருடைய கருவிப் பெட்டி இறங்கவில்லை. டயரில் எவ்வளவு காற்று என்பதும் இந்த எடையைப் பொறுத்ததுதான், காலையில் டயர் சூடேறும் முன் அளக்க வேண்டும்.

ஓட்டுவதில் இரண்டே விஷயம். இறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்காதீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதியில் குறைத்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். மற்றது வால். பின்சக்கரத்துக்குப் பின்னால் எங்கள் வண்டி இரண்டரை மீட்டர் நீண்டிருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்துக் கிளம்பினால் அந்த வால் வலப்பக்கம் வீசும். ஓட்டுகிறவர் இடப்பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார், வலப்பக்கம் ஒரு கம்பம் பக்கவாட்டுத் தகட்டைக் கிழித்துக்கொண்டிருக்கும். காலி மைதானத்தில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி ஒரு மதியம் பழகினேன். ஒன்பது பாட்டில் நசுங்கியது. கம்பத்தை விட மலிவு.

வண்டியின் உயரத்தை, ஏசியோடு சேர்த்து அளந்து, ஸ்டீயரிங்குக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். பாலத்தின் முன் நின்று ஞாபகப்படுத்திப் பார்க்கும் விஷயமல்ல அது.

கிளம்பும்போது அவர் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார், நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஆச்சு' என்பேன். படி உள்ளே, ஆன்டெனா கீழே, கூரைத் திறப்பு மூடியது, கேஸ் சிலிண்டர் வால்வு மூடியது, மின்கம்பி கழற்றியது, தண்ணீர் பம்ப் அணைத்தது, இழுப்பறைகள் பூட்டியது. இடையில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குவோம். ஒருமுறை பாதியிலிருந்து தொடர்ந்ததில்தான் மின்கம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கழிவு டேங்க்கைப் பற்றிக் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள், அதனால் ஒரு வரி. கழிவுக் குழாயோடு இணைத்து நிற்கும்போது கழிப்பறை டேங்க்கின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிவிடும், மற்றது அங்கேயே குவிந்து இறுகிவிடும். தண்ணீர் தாராளமாக விட்டு, முக்கால்வாசி நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர் சேரும் டேங்க்கைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும்.

இந்த வாரம் வானம் தெளிவாக இருக்கிறது. சீலன்ட் குழாய்கள் இரண்டை இளக வெயிலில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் ஏணியைச் சாய்த்துவிட்டுக் கீழே நின்று கூப்பிடுகிறார்.